குரோஷே பின்னல்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கொக்கி ஊசியும் நூலுமாக நான் எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கொஞ்ச நேரம் விரல்களைப் பார்ப்பார்கள். பிறகு மெல்லக் கேட்பார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் அவ்வளவாக மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

குரோஷே என்பது ஸ்வெட்டர் பின்னுவதுதானே? இரண்டும் ஒன்றா, வேறா?

வேறு. ஸ்வெட்டர் பின்னும் நிட்டிங்குக்கு இரண்டு நீண்ட ஊசிகள் வேண்டும். ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும், அதாவது நூல் வளையங்களும், ஊசியின்மேல் ஏறி நிற்கும். குரோஷேக்கு முனை வளைந்த ஒரே ஊசி போதும். குரோஷே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே சின்னக் கொக்கி என்றுதான் பொருள். நூலைக் கொக்கியில் மாட்டிக் கண்ணிக்குள் இழுப்பது மட்டுமே இதன் அடிப்படை அசைவு. நூலை எத்தனை முறை ஊசியில் சுற்றுகிறோம், எந்தக் கண்ணிக்குள் நுழைக்கிறோம் என்பதை மாற்ற மாற்றப் புதுப்புது வகைகள் வந்துகொண்டே இருக்கும்.

பெரும்பாலான தையல்களில், ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கும் நேரத்தில் ஊசியில் இருப்பது ஒரே ஒரு கண்ணிதான். ஊசி நழுவினால் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். இறங்கும் நிறுத்தம் வந்துவிட்டால் ஊசியை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்கலாம். இதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்வதில் உள்ள வசதிகளில் பாதி இந்த ஒற்றைக் கண்ணியால் வருகிறது.

தொடங்குவதற்கு என்னென்ன வாங்க வேண்டும்?

4 அல்லது 5 மில்லிமீட்டர் கொக்கி ஊசி ஒன்று, நடுத்தரத் தடிமனில் ஒரு உருண்டை நூல், கத்தரிக்கோல், நூல் நுனியைச் செருகி மறைக்கப் பெரிய காதுள்ள மொட்டை ஊசி. அவ்வளவுதான். நூறு ஊசிகள் அடங்கிய பெட்டியைப் பார்த்தால் ஆசை வரும். முதல் மாதத்தில் அது வேண்டாம்.

நூலின் நிறத்தில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள். வெளிர் நிறமாக, வழவழப்பாக, பஞ்சுபோல் முடி நீட்டிக்கொண்டிராததாக இருக்கட்டும். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியாது. முடி நீண்ட நூலைத் தவறினால் பிரிக்கவும் முடியாது. உல்லன் நூல் என்று விற்கப்படுவது பல நேரங்களில் அக்ரிலிக் என்ற செயற்கை இழைதான். பழகுவதற்கு அது நல்லது, கொஞ்சம் இழுவை கொடுக்கும். பருத்தி நூலில் அந்த நெகிழ்வு இல்லாததால் புதிய கைகள் சீக்கிரம் களைத்துவிடும். ஆனால் சூடான பாத்திரம் பிடிக்கும் துணியைப் பின்னுவதென்றால் பருத்தியில்தான் பின்ன வேண்டும். அக்ரிலிக் சூட்டில் உருகிவிடும்.

எனக்குப் பொறுமையே கிடையாது. இது பொறுமைசாலிகளுக்கான வேலை அல்லவா?

மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். பொறுமை குறைந்தவர்களைச் சோர்வடையச் செய்பவை இரண்டு. பலன் கண்ணில் படாமல் நாட்கணக்கில் உழைப்பது ஒன்று. ஒரு சிறு தவறால் அதுவரை செய்ததெல்லாம் வீணாவது மற்றொன்று. குரோஷேயில் பத்து நிமிடம் பின்னினால் அந்தப் பத்து நிமிடமும் துணியாகக் கையில் இருக்கும், தடவிப் பார்க்கலாம்.

தவறு செய்தால் ஊசியை உருவிவிட்டு நூல் நுனியை இழுங்கள். சரசரவென்று பிரிந்துகொண்டே வரும். தவறிய இடம் வந்ததும் நிறுத்தி, அந்தக் கண்ணியில் ஊசியை மாட்டித் தொடரலாம். பிரிந்த நூல் நூலாகவே திரும்பி வந்துவிடுகிறது. வெட்டிய துணியை ஒட்ட முடியாது, செதுக்கிய மரத்தை வளர்க்க முடியாது. இங்கே போவது அந்தச் சில நிமிடங்கள்தான், அதிலும் கை பழகியிருக்கும். ஆங்கிலம் பேசும் பின்னல்காரர்கள் பிரிப்பதைத் தவளையின் பெயரால் அழைப்பார்கள். பிரித்துவிடு என்று பொருள்படும் 'ரிப் இட், ரிப் இட்' என்பதை வேகமாகச் சொன்னால் தவளை கத்துவதுபோலவே கேட்கும்.

தவறே செய்யக் கூடாத வேலைகளில் இருப்பவர்கள், அதாவது கணக்கு எழுதுபவர்கள், நோயாளிகளைக் கவனிப்பவர்கள் போன்றோர், இந்தப் பின்னலை எவ்வளவு விருப்பத்தோடு பிடித்துக்கொள்கிறார்கள் என்பதைக் கண்டிருக்கிறேன். நாள் முழுவதும் தவறுக்கு அஞ்சியவர்களுக்கு, பயமில்லாமல் தவறு செய்ய ஓர் இடம் கிடைக்கிறது. குரோஷேயின் நன்மைகளில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

உண்மையிலேயே மன அழுத்தம் குறையுமா? இல்லை, பின்னுகிறவர்கள் பெருமைக்குச் சொல்வதா?

ஆஸ்திரேலியாவின் வொல்லொங்கொங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் குரோஷே பின்னுகிறவர்களிடம் இணையவழியே நடத்திய ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. பல நாடுகளிலிருந்து 8,391 பேர் பதில் அளித்தார்கள். பின்னுவதால் மனம் அமைதியாகிறது என்றவர்கள் 89.5 சதவீதம், மகிழ்ச்சி கூடுகிறது என்றவர்கள் 82 சதவீதம். நிட்டிங் பற்றி 2013-இல் வெளியான இன்னோர் ஆய்வில் 3,500-க்கும் மேற்பட்டோர் பதில் சொன்னார்கள். அடிக்கடி பின்னுகிறவர்களே கூடுதல் அமைதியையும் மகிழ்ச்சியையும் உணர்வதாக அதில் தெரிந்தது.

இந்த எண்களைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பதில் அளித்தவர்கள் ஏற்கெனவே பின்னுகிறவர்கள். பிடிக்காமல் முதல் வாரத்திலேயே ஊசியை வைத்துவிட்டவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஆகவே எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. பிடித்துப்போனவர்களுக்கு இது பெரிய ஆறுதலாக இருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

கை வேலை செய்தால் மனம் எப்படி அடங்கும்? என் மனம் தையலின்போதும் அலைகிறதே?

அலையட்டும். மனத்தைக் கட்டிப்போடும் வேலை இல்லை இது. என் அனுபவத்தில் நடப்பதைச் சொல்கிறேன். விரல்கள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. வாய்க்குள் ஓர் எண்ணிக்கை ஓடுகிறது. கவலை வரும், ஆனால் எட்டாவது கண்ணியா ஒன்பதாவது கண்ணியா என்று பார்க்க வேண்டியிருப்பதால் அந்தக் கவலை தொடர்ந்து நீள முடியாமல் துண்டுபடும். சும்மா உட்கார்ந்து 'எதையும் நினைக்காதே' என்று மனத்துக்குக் கட்டளையிடுவதைவிட, எண்ணச் சொல்லி அதற்கு ஒரு சின்ன வேலை கொடுப்பது எளிது.

இதற்கு ஏற்ற வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மனம் கனத்திருக்கும் நாளில் புதிய, சிக்கலான பூ வேலையைத் தொடங்காதீர்கள். கைக்கு நன்கு பழகிய நேர் வரிசைகளே அன்றைக்கு நல்லவை. நான் எப்போதும் இரண்டு வேலைகளை வைத்திருப்பேன். ஒன்று மூளையைக் கேட்பது, மற்றொன்று கையை மட்டும் கேட்பது.

அப்படியென்றால் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இதைச் செய்யலாமா?

கூடாது. மருத்துவர் கொடுத்த மருந்தை மருத்துவர்தான் நிறுத்த வேண்டும். சிகிச்சையோடு சேர்த்துப் பின்னுங்கள், அதில் தடையே இல்லை. சிகிச்சைக்குப் பதிலாக ஒரு நூல் உருண்டையை யாராவது பரிந்துரைத்தால், அவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

கைப்பேசியை எடுக்காமல் இருக்க முடியவில்லை. இது உதவுமா?

உதவும், காரணம் மிக எளிமையானது. இரண்டு கைகளும் வேலையில் இருக்கின்றன. வலது கையில் ஊசி, இடது கை விரல்களில் நூல். கைப்பேசியை எடுக்க வேண்டுமானால் பின்னலைக் கீழே வைக்க வேண்டும். அந்த ஒரு விநாடித் தடை போதும், பழக்கத்தில் நீளும் கையை நிறுத்திவிடும். காத்திருக்கும் நேரங்களில், வரிசையில் நிற்கும்போது, பயணத்தில், இதன் பலன் நன்றாகத் தெரியும்.

காணொளி பார்த்துக்கொண்டே பின்னுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். அதில் தவறில்லை, ஆனால் காதால் மட்டும் கேட்கக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது.

எத்தனை நாளில் கற்றுக்கொள்ளலாம்?

கண்ணிக்குள் கண்ணியாக நூலை இழுத்துச் சங்கிலி போடுவது ஒரு மாலை நேரத்தில் வந்துவிடும். அது சீராக வரச் சில நாட்கள் ஆகும். முதலில் எல்லோருக்கும் நூல் இறுகும், அடுத்த வரிசையில் ஊசி நுழையாது. கை நூலைச் சீராக விட்டுக்கொடுக்கப் பழகியதும் இது தானாகவே சரியாகிவிடும். அதுவரை சங்கிலியை மட்டும் ஒரு பருமன் பெரிய ஊசியால் போடுங்கள். முதல் வேலையாகக் கைக்குட்டை அளவில் ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போர்வையில் தொடங்கியவர்களில் முடித்தவர்கள் குறைவு.

சதுரமாகத்தான் தொடங்கினேன். போகப்போக முக்கோணமாகிவிடுகிறதே, ஏன்?

ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியை விட்டுவிடுகிறீர்கள். திரும்பும்போது போடும் சங்கிலிக்குப் பக்கத்தில் அது ஒளிந்துகொள்ளும். வரிசைக்கு ஒன்று குறைந்தால் இருபது வரிசையில் இருபது குறையும். அகன்றுகொண்டே போனால் நேர்மாறு, எங்கோ ஒரே கண்ணியில் இரண்டு போடுகிறீர்கள்.

முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் வேறு நிற நூல் துண்டு ஒன்றை மாட்டிவையுங்கள். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் எண்ணுங்கள். எண்ணிக்கை தவறியிருந்தால் உடனே பிரியுங்கள். நான்கு வரிசை கழித்துக் கண்டுபிடித்தால் நான்கு வரிசை பிரிக்க வேண்டும்.

எனக்குக் கணக்கு வராது. இதில் எண்ண வேண்டியது நிறைய இருக்கிறதே?

பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு அஞ்சியவர்கள் இங்கே கணக்கை ரசிப்பதைப் பார்ப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்வோம். உயரம் குறைந்த அடிப்படைத் தையலான குட்டைத் தையலில் நடுவில் 6 கண்ணிகள், அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்து 18, பிறகு 24. சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டினால் வட்டம் மேசைமேல் தட்டையாகப் படியும். குறைவாகக் கூட்டினால் ஓரம் மேலெழுந்து கிண்ணமாகும். அதிகமாகக் கூட்டினால் ஓரம் இடம் போதாமல் அலையலையாகச் சுருளும். வாய்பாடு மனப்பாடம் செய்யாமலேயே சுற்றளவுக்கும் ஆரத்துக்கும் உள்ள உறவு விரல் நுனியில் புரிந்துவிடுகிறது.

அந்த அலையலையான ஓரம் வெறும் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். லாட்வியாவில் பிறந்த கணிதவியலாளர் டைனா டைமினா, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1997-இல் அதையே வேண்டுமென்றே பின்னினார். ஒவ்வொரு வரிசையிலும் ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனால், ஹைப்பர்போலிக் தளம் என்ற, விரிய விரிய அலையலையாக மடியும் கணித வடிவம் கையில் பிடிக்கக்கூடிய பொருளாகக் கிடைக்கிறது. அதுவரை அதைக் காகிதத்தில் ஒட்டிச் செய்து காட்டினார்கள், கை பட்டால் கிழியும். நிட்டிங்கிலும் அவர் முயன்று பார்த்தார். அத்தனை கண்ணிகளையும் ஊசியில் தாங்க வேண்டியிருந்ததால் குரோஷேக்கு மாறினார். முதல் பதிலில் சொன்ன ஒற்றைக் கண்ணியின் வசதி கணிதத்துக்கும் பயன்பட்டது.

பவளப்பாறைகளின் மடிப்புகளும் இதே வடிவம்தான். மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்ற இரட்டைச் சகோதரிகள் 2005-இல் லாஸ் ஏஞ்சலஸில் குரோஷேயால் ஒரு பவளப்பாறையைப் பின்னத் தொடங்கினார்கள். பிறகு பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் அதில் சேர்ந்தார்கள். கடல் சூடாவதால் அழிந்துவரும் பாறைகளை நினைவூட்டும் பெரிய முயற்சியாக அது வளர்ந்தது.

ஆண்கள் செய்யலாமா? வீட்டில் சிரிப்பார்களே?

செய்யலாம். ஊசிக்கு ஆண், பெண் தெரியாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரிட்டன் டைவிங் வீரர் டாம் டேலி, பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து நிட்டிங் செய்துகொண்டிருந்த காட்சியை 2021-இல் உலகமே பார்த்தது. சிரிப்பவர்கள் ஒரு தொப்பி முடிந்ததும் தங்களுக்கும் ஒன்று கேட்பார்கள்.

பிள்ளைக்கு எந்த வயதில் சொல்லித் தரலாம்?

ஏழு, எட்டு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் ஊசியைப் பிடித்துவிடுகிறார்கள். அதற்கும் முன்பே, ஊசியில்லாமல் விரலாலேயே தடித்த நூலில் சங்கிலி போடச் சொல்லித் தரலாம். அந்தச் சங்கிலியைக் கையில் கட்டிக்கொண்டு வீடு முழுவதும் காட்டுவார்கள்.

பிழையைப் பிரித்துக் காட்டுவதை மட்டும் தண்டனைபோல் செய்யாதீர்கள். அவர்களையே இழுக்கச் சொல்லுங்கள். தவறைச் சரிசெய்வது விளையாட்டாக இருக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அது மற்றப் பாடங்களிலும் துணைவரும் என்று நம்புகிறேன். எதிர்பார்ப்பு வேண்டாம். ஒரு நாள் முழுவதும் பின்னிவிட்டு மறுநாள் மறந்துவிடும் பிள்ளைகளும் உண்டு.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, கண்ணும் மங்கல், விரலும் விறைப்பு. அவரால் முடியுமா?

பல பேரால் முடிகிறது. ஊசியை 6 முதல் 8 மில்லிமீட்டருக்கு மாற்றுங்கள், நூலையும் தடிமனாக வாங்குங்கள், கைப்பிடி பருமனான ஊசியாகத் தேடுங்கள். வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து விழட்டும். மடியில் நூலின் நிறத்துக்கு மாறான நிறத்தில் ஒரு துணியை விரித்துவைத்தால் கண்ணிகளின் இடைவெளி எடுப்பாகத் தெரியும்.

முதியவர்களுக்கு இது தரும் பெரிய நன்மை வேறு ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லோரும் அவர்களுக்கு ஏதாவது செய்துகொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பின்னத் தொடங்கியதும் பிறருக்குச் செய்து கொடுப்பவராக அவர் மாறுகிறார். நான்காவது கேள்வியில் சொன்ன ஆஸ்திரேலிய ஆய்விலும், பின்னுவதால் தாங்கள் பயனுள்ளவர்களாக உணர்வதாகப் பெரும்பாலோர் சொல்லியிருந்தார்கள். அம்மா ஏற்கெனவே இளமையில் பின்னியவராக இருந்தால் கேட்டுப் பாருங்கள். மூளை மறந்தது என்று சொன்னாலும் விரல்கள் சில நிமிடங்களில் நினைவுபடுத்திக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பின்னினால் மணிக்கட்டு வலிக்கிறது, விரல் மரத்துப்போகிறது. விட்டுவிடலாமா?

முதலில் நிறுத்துங்கள், பிறகு காரணம் தேடலாம். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது மனத்துக்கு எவ்வளவு நல்லதோ, தசைநாருக்கு அவ்வளவு சுமை. நன்மைகளை மட்டும் பட்டியலிட்டு இதை மறைப்பது நியாயமாகாது. இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டு விரல்களை விரித்து மடக்குங்கள், தோளைத் தளர்த்துங்கள். ஊசியைக் கத்தியைப் போலப் பிடிக்கிறீர்களா, பேனாவைப் போலவா என்று பாருங்கள். இரண்டும் சரியான முறைகளே. ஒன்றில் வலித்தால் மற்றதற்கு மாறிப் பார்க்கலாம். நூலை இறுக்கிப் பிடிப்பதும் வலிக்கு முக்கியக் காரணம்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போனால், அதுவும் இரவில் எழுப்பும் அளவுக்கு இருந்தால், மணிக்கட்டு வழியே செல்லும் நரம்பு அழுத்தப்படுவதாக இருக்கலாம். அதற்கு வீட்டு வைத்தியம் தேடாமல் மருத்துவரைப் பாருங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு பரிசை முடித்துக் கொடுப்பது பெருமை இல்லை.

நான் இடதுகைக்காரி. எல்லாக் காணொளியும் வலதுகைக்குத்தான் இருக்கிறது.

சொல்லித் தருபவருக்கு எதிரே உட்காருங்கள், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருக்கும். காணொளியை இடவலம் திருப்பிப் பார்க்கவும் வழி உண்டு. எழுத்துக் குறிப்பு பெரும்பாலும் அப்படியே பொருந்தும், வரிசை மட்டும் எதிர்த்திசையில் போகும்.

குறிப்பைப் பார்த்து அப்படியே பின்னினேன். அளவும் வடிவமும் வேறாக வந்துவிட்டன. குறிப்பு தவறா?

பெரும்பாலும் குறிப்பு சரியாகவே இருக்கும், மொழிதான் வேறு. ஒரே பெயர் அமெரிக்காவில் ஒரு தையலையும் பிரிட்டனில் இன்னொரு தையலையும் குறிக்கிறது. அமெரிக்கர்களின் சிங்கிள் குரோஷே பிரிட்டனில் டபுள் குரோஷே. அமெரிக்கர்களின் டபுள் குரோஷே பிரிட்டனில் டிரெபிள். அதனால் பிரிட்டன் குறிப்பை அமெரிக்க முறையில் படித்தால் ஒவ்வொரு வரிசையும் உயரமாகிவிடும். அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. குறிப்பில் சிங்கிள் குரோஷே என்ற சொல் வந்தால் அது அமெரிக்க முறை. பிரிட்டன் முறையில் அந்தப் பெயரே கிடையாது. குறியீடுகளால் வரைந்த படங்களைப் படிக்கப் பழகிவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை. ஜப்பானியப் புத்தகங்களை மொழி தெரியாமலேயே பின்ன முடிவது அதனால்தான்.

பெயர் சரியாக இருந்தும் அளவு மாறினால் உங்கள் கையின் இறுக்கம் குறிப்பு எழுதியவரின் கையைவிட வேறு என்று பொருள். பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை முதலில் பின்னி, அதில் எத்தனை கண்ணிகள், எத்தனை வரிசைகள் என்று ஒப்பிடுங்கள். கண்ணிகள் அதிகமாக இருந்தால் ஊசியைப் பெரிதாக்குங்கள், குறைவாக இருந்தால் சிறிதாக்குங்கள்.

நூலுக்கே இவ்வளவு செலவாகிறது. கடையில் ஆயத்தமாகவே மலிவாகக் கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?

பணத்தை மிச்சப்படுத்துவதற்காக என்றால் வேண்டாம். குரோஷே தடித்த துணியைத் தருவதால் நிட்டிங்கைவிட நூலையும் கூடுதலாகத் தின்னும். திரைப்படம் பார்க்கச் செலவழிப்பவர் லாபம் கேட்பதில்லை. ஓர் உருண்டை நூல் பல மாலைப் பொழுதுகளைத் தருகிறது, முடிவில் ஒரு பொருளும் மிஞ்சுகிறது.

ஆனால் அந்த மலிவுப் பொருளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிட்டிங்குக்கு இயந்திரங்கள் உண்டு. குரோஷேயைக் கையைப் போலவே பின்னித் தள்ளும் தொழிற்சாலை இயந்திரம் இன்றுவரை கிடையாது. குரோஷே இயந்திரம் என்ற பெயரில் ஓரப் பட்டைகள் செய்பவை உண்மையில் ஒருவகை நிட்டிங் இயந்திரங்கள். எனவே கடையில் தொங்கும் உண்மையான குரோஷே மேலாடையின் ஒவ்வொரு கண்ணியையும் யாரோ ஒருவர் கையால் போட்டிருக்கிறார். அது மிக மலிவாக இருந்தால் அவருக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு சட்டையைப் பின்ன எத்தனை மணி நேரம் ஆகும் என்பது பின்னத் தெரிந்த கைக்குத்தான் தெரியும். எனக்கு இந்தப் பொழுதுபோக்கு கற்றுத் தந்த பாடங்களில் இது ஆழமானது.

அப்படியென்றால் பின்னி விற்றுச் சம்பாதிக்கலாமா?

குரோஷே குடும்பங்களைக் காப்பாற்றிய வரலாறு உண்டு. 1845 முதல் உருளைக்கிழங்கு நோயால் அயர்லாந்தில் கொடும் பஞ்சம் வந்தபோது, கன்னியாஸ்திரீகளும் தொண்டுள்ளம் கொண்ட பெண்களும் குரோஷேயால் லேஸ் என்ற நுண்ணிய வலைத்துணி பின்னக் கற்றுக்கொடுத்து விற்க உதவினார்கள். குளோன்ஸ் என்ற ஊரில் 1847-இல் இதைத் தொடங்கியவர் அங்கிருந்த போதகரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட். ஊசியால் தைக்கும் வெனிஸ் லேஸைப் போன்ற தோற்றத்தைக் குரோஷேயில் அதைவிட விரைவாகக் கொண்டுவர முடிந்ததுதான் அதன் வெற்றி. ரோஜா, இலை என்று துண்டு துண்டாகப் பின்னி, பிறகு வலைப் பின்னலால் இணைப்பார்கள்.

இன்று விற்க நினைப்பவர்களிடம் நான் ஒன்றே ஒன்றைச் செய்யச் சொல்வேன். ஒரு பொருளைப் பின்னும்போது கடிகாரத்தைப் பார்த்து மொத்த நேரத்தை எழுதுங்கள். கேட்கவிருக்கும் விலையிலிருந்து நூலின் விலையைக் கழித்து, மீதியை அந்த மணிகளால் வகுங்கள். வரும் தொகைக்கு வேறு யாருக்காவது வேலை செய்வீர்களா? இன்னொன்றும் உண்டு. ஆர்டருக்காக ஒரே பொம்மையை நாற்பது முறை பின்னும்போது, இதற்கு முன்னால் சொன்ன அமைதி பல பேருக்குக் காணாமல் போய்விடுகிறது. விற்பதற்கு ஒரு வகை, தனக்கென்று ஒரு வகை என்று பிரித்துக்கொண்டவர்களே நீண்ட நாள் மகிழ்ச்சியோடு இருப்பதைப் பார்க்கிறேன்.

கைக்குழந்தைக்குப் பொம்மை பின்னிக் கொடுக்க ஆசை. பாதுகாப்பானதா?

அமிகுருமி என்ற ஜப்பானிய வகைப் பொம்மைகள் சிறியவை, பின்ன இனிமையானவை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் பிளாஸ்டிக் கண்களோ பொத்தானோ வைக்காதீர்கள், கண்களை நூலாலேயே தைத்துவிடுங்கள். கழன்று வந்தால் தொண்டையில் அடைக்கும். உள்ளே வைத்த பஞ்சு வெளியே வராத அளவுக்குச் சிறிய ஊசியால் இறுக்கமாகப் பின்னுங்கள். பிறந்த குழந்தையின் போர்வையில் பெரிய துளைகள் வேண்டாம், விரல் சிக்கிக்கொள்ளும். தூங்கும் குழந்தையின் அருகில் பொம்மையையோ தளர்வான போர்வையையோ விட்டுவைக்கவும் கூடாது.

மூன்று மாதம் பின்னிப் பரிசாகக் கொடுத்தேன். அவர்கள் பயன்படுத்தவே இல்லை. மனம் வலிக்கிறது.

இந்த வலி எனக்கும் தெரியும். அலமாரியில் மடித்தபடியே இருந்த ஒரு சால்வையைப் பார்த்துவிட்டு, பேச்சு வராமல் திரும்பிய நாள் ஒன்று உண்டு. பின்னாளில் தெரிந்தது, அழுக்காகிவிடும் என்று அஞ்சி எடுத்து வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து துவைக்கும் முறையை ஒரு சீட்டில் எழுதிப் பரிசோடு வைக்கிறேன், தினமும் பயன்படுத்தும்படி வாயாலும் சொல்கிறேன்.

இருந்தாலும் சிலருக்குக் கைவேலை பிடிக்காது. அந்த மூன்று மாதம் உங்களுக்கு என்ன கொடுத்ததோ அதை யாரும் திருப்பி எடுக்கவில்லை. நிறமும் வகையும் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் பின்னுவது நல்லது. வியப்பூட்ட வேண்டும் என்றால் சின்னதாகப் பின்னுங்கள்.

பை நிறையப் பாதியில் நின்ற வேலைகள். பார்த்தாலே குற்ற உணர்ச்சி வருகிறது. என்ன செய்வது?

எல்லாவற்றையும் ஒருநாள் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றையும் எடுத்து, இன்றைக்கு இதைத் தொடங்குவேனா என்று உங்களையே கேளுங்கள். தொடங்குவேன் என்றால் அதை மேலே வையுங்கள், எந்த ஊசியில் பின்னினீர்கள் என்று சீட்டில் எழுதிச் செருகுங்கள். மாட்டேன் என்றால் பிரித்துவிடுங்கள். மூன்றாவது கேள்வியில் சொன்னதுதான், நூல் போகாது.

நீண்ட நாள் பின்னலாக இருந்த நூல் பிரித்ததும் சுருள் சுருளாக இருக்கும். அப்படியே பின்னினால் கண்ணிகள் கோணலாக விழும். ஆகவே நாற்காலியின் முதுகில் பெரிய வளையமாகச் சுற்றி, நான்கு இடங்களில் வேறு நூலால் தளர்வாகக் கட்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் ஒற்றியெடுத்து, நிழலில் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் பெரும்பாலான சுருள் நீங்கியிருக்கும், உருண்டையாகச் சுற்றிக்கொள்ளலாம். சுற்றும்போது இறுக்காதீர்கள், நூல் நீண்டு தன் நெகிழ்வை இழந்துவிடும்.